போனுக்குள் எட்டிப் பார்த்த கதை

2007 ஜூன் 11. சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு. ஐபோன் கடைக்கு வர இன்னும் 18 நாள். அந்தப் போனுக்கு நாங்கள் எப்படி ஆப் எழுதுவது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்ன பதில் இதுதான்: உள்ளே முழு சஃபாரி பிரவுசர் இருக்கிறது, வெப் பக்கமாகவே ஆப் எழுதுங்கள், தனியாக ஒன்றும் தேவையில்லை. வரம் கொடுக்கிற தோரணையில்தான் அறிவித்தார். கேட்டவர்களில் பலருக்குக் கைகழுவி விட்டதுபோல் இருந்தது.

எழுதச் சொன்னது சரி. எழுதியது ஓடாமல் போனால் ஏன் என்று எங்கே போய்ப் பார்ப்பது? இதற்கு அந்த மேடையில் பதில் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கவலை அப்போதுதான் தீர்ந்திருந்தது. 2006 ஜனவரியில் ஜோ ஹெவிட் என்ற புரோகிராமர் ஃபயர்பக் என்ற கருவியை வெளியிட்டார். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிடிக்காத இடத்தில் ரைட் கிளிக் செய்தால் போதும். அந்த இடத்தின் கோட் கீழே விரியும், அங்கேயே மாற்றிப் பார்க்கலாம், ஜாவாஸ்கிரிப்ட்டை வரிவரியாக நிறுத்தி ஓட்டலாம். வெப் எழுதுகிறவர்களுக்கு அதுவரை கிடைக்காத சுகம். ஐபோனில் அது எதுவும் கிடையாது. 320க்கு 480 புள்ளித் திரை, விரலுக்கு ரைட் கிளிக் கிடையாது, பக்கத்தின் மூலக் கோடைக் காட்டும் மெனுகூட இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழை வந்தால் பக்கம் ஊமையாக நிற்கும், அவ்வளவுதான். சஃபாரி செட்டிங்ஸில் டீபக் கன்சோல் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. போட்டுவிட்டால் பக்கத்தின் தலையில் ஒரு சின்னப் பட்டை தோன்றி, இத்தனை பிழை என்று சொல்லும். எந்த வரி என்றும் சொல்லும். அந்த நேரத்தில் எந்த மாறிக்குள் என்ன மதிப்பு இருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

ஆகவே எல்லோரும் அலர்ட் பெட்டியைத்தான் நம்பினார்கள். சந்தேகப்படும் இடங்களில் வரிக்கு ஒன்றாக அலர்ட் போட்டு 1, 2, 3 என்று எண் காட்டச் சொல்வது; போனில் ஒவ்வொன்றுக்கும் ஓகே அழுத்திக்கொண்டே போவது; 7 வந்து 8 வராவிட்டால் தப்பு நடுவில் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. லூப்புக்குள் ஒரு அலர்ட் மாட்டிக்கொண்டால் விரல் தேய்ந்துவிடும்.

ஃபயர்பக்கைப் படைத்த அதே ஹெவிட்தான் இதற்கும் முதலில் வழி கண்டார். ஐபோனுக்காக ஃபேஸ்புக்கின் வெப் ஆப்பை எழுதியவரும் அவர்தான் என்பதால் வலி சொந்தமாகவே இருந்திருக்கும். 2007இலேயே ஐபோனுக்கான ஃபயர்பக் என்று ஒரு சின்ன ஏற்பாட்டை வெளியிட்டார். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குட்டி பைத்தான் சர்வர் ஓடும். போனில் திறக்கிற பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்துவிட வேண்டும். பக்கம் கன்சோலுக்கு எழுதுவதெல்லாம் அந்த சர்வர் வழியாகக் கம்ப்யூட்டர் திரையில் வந்து விழும். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையைத் தட்டினால் அது போனில் போய் ஓடி, விடை திரும்பி வரும்.

பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இன்றைக்கு மொபைல் வெப்பை டீபக் செய்கிற எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படையான யோசனை இதில் முழுசாக இருக்கிறது: ஆராயப்படும் பக்கம் ஒரு கருவியில், ஆராய்கிற சாளரம் இன்னொரு கருவியில், நடுவில் ஒரு கம்பியோ வைஃபையோ. கம்ப்யூட்டரில் ஃபயர்பக் பக்கத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. போனில் இடமில்லாததால் குடித்தனம் பிரிந்தது.

அடுத்த ஆண்டு, 2008 மே மாதத்தில், நார்வேயின் ஆபரா பிரவுசர் கம்பெனி டிராகன்ஃப்ளை என்ற கருவியை வெளியிட்டபோது இந்தப் பிரிவினையை ஒட்டுவேலையாக இல்லாமல் அஸ்திவாரத்திலேயே வைத்தது. கம்ப்யூட்டர் ஆபரா காத்திருக்கும். ஆபரா மொபைலில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணைத் தட்டினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஆபராவின் பல நல்ல யோசனைகளுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். வெப் ஆட்களின் கண் ஐபோன் மேல் இருந்ததால், நார்வேக்காரர்கள் செய்து காட்டியதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஐபிஎம்மில் இருந்த பாட்ரிக் முல்லர் எழுதிய வெய்ன்ரே என்ற கருவிக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. 2011 வாக்கில், வெப் கோடையே போன் ஆப்பாகக் கட்டித் தருகிற ஃபோன்கேப் திட்டத்தோடு அது சேர்ந்துகொண்டது. ஹெவிட் வழிதான்: பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வரி, நடுவில் ஒரு சர்வர். ஆனால் கம்ப்யூட்டர் பக்கத்தில் சஃபாரிக்குள் ஓடும் வெப்கிட் இன்ஜினின் இன்ஸ்பெக்டர் சாளரமே முழுசாக வந்து நிற்கும். 2012இல் அடோபி வெளியிட்ட ஷேடோ என்ற கருவிக்கு உள்ளேயும் வெய்ன்ரேதான் ஓடியது. ஒரே ஒரு குறை, அது தீர்க்க முடியாத குறை. வெய்ன்ரே தானும் ஒரு ஜாவாஸ்கிரிப்டாக அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஓடியதால், கோடை நடுவில் நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயிண்ட் வைக்க முடியாது. பக்கத்தை நிறுத்தினால் வெய்ன்ரேயும் சேர்ந்து நின்றுவிடும். அதற்குப் பிரவுசர் கம்பெனிக்காரனே மனது வைக்க வேண்டும்.

இதற்கிடையில் சிமுலேட்டர் வந்திருந்தது. வெப்காரர்களுக்காக அல்ல. 2007 அக்டோபரில் ஜாப்ஸ் மனம் மாறி, நேட்டிவ் ஆப் எழுதும் கருவிகளைத் தருவதாக அறிவித்தார். 2008 மார்ச் 6 அன்று அவை வந்தன. அந்த மூட்டைக்குள் ஐபோன் சிமுலேட்டர் இருந்தது. மேக் திரையில் ஒரு போன் படம், அதற்குள் ஓடும் ஆப். வெப் ஆட்கள் அதற்குள் இருந்த சஃபாரியைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டார்கள். கையில் போன் இல்லாமலே ஐபோன் சஃபாரியில் தங்கள் பக்கம் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம், கோடை மாற்றி ஒரு நொடியில் திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படத்துக்குள் போன் இல்லை. ஐபோனின் ஏஆர்எம் பிராசசரை அது நடிப்பதே இல்லை. ஐபோனின் மென்பொருள் அடுக்குகளை மேக்கின் பிராசசருக்காகத் தனியாக கம்பைல் செய்து, சாதாரண மேக் புரோகிராம் போலவே ஓட்டுவார்கள். மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் சிமுலேட்டருக்குள் ஓடும் சஃபாரி மற்ற புரோகிராம்களோடு வரிசையில் நிற்கும். நெட்வொர்க்கும் மேக்குடையதே. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அதற்கு ஒரு வேலை வரப்போகிறது.

ஆண்ட்ராய்ட் நேர் எதிர் வழியில் போனது. 2007 நவம்பர் 12 அன்று, ஆண்ட்ராய்ட் போன் என்று ஒன்று கடையில் இல்லாதபோதே, கூகுள் எமுலேட்டரை வெளியிட்டது. ஃபாப்ரிஸ் பெல்லார் எழுதிய க்யூஎம்யூ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்மேல் கட்டியது அது. ஏஆர்எம் பிராசசரின் ஒவ்வொரு கட்டளையையும் கம்ப்யூட்டரின் இன்டெல் பிராசசருக்கு மொழிபெயர்த்து, ஆண்ட்ராய்டை முழுசாக உள்ளே பூட் செய்யும். நேர்மையான வேலை, அதனாலேயே ஆமை வேகம். எமுலேட்டரை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வருவது அந்தக் காலத்து ஆண்ட்ராய்ட் ஆட்களின் அன்றாட வழக்கம். இன்டெல் பிராசசருக்கென்றே கட்டிய ஆண்ட்ராய்ட் இமேஜ்களும், அவற்றை நேரடியாக ஓட்டும் முடுக்கி மென்பொருளும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2016இல் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ 2.0உடன் வந்த எமுலேட்டரை எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள்.

வேகத்தில் தோற்ற எமுலேட்டர் ஒரு விஷயத்தில் ஜெயித்தது. டெல்நெட் வழியாக 5554 என்ற போர்ட்டில் நுழைந்தால் அதற்குத் தனியாக ஒரு கட்டளைத் திரை உண்டு. நெட்வொர்க் வேகத்தை எட்ஜ் அளவுக்குக் குறை என்று தட்டலாம். பேட்டரி பத்து சதவீதம் என்று பொய் சொல்ல வைக்கலாம், ஜிபிஎஸ்ஸை வேறு ஊருக்கு மாற்றலாம், பொய்யாக ஒரு போன் கால் வரவழைக்கலாம். ஆப் ஓடும் நடுவில் கால் வந்தால் என்னவாகும் என்று பார்க்க யாரையும் கூப்பிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

ஐபோன் பக்கத்தில் சிமுலேட்டர் இருந்தும் இன்ஸ்பெக்டர் இல்லை என்ற நிலை நாலு வருடம் நீடித்தது. 2011இல் ஐஓஎஸ் 5 வந்தபோது, சிமுலேட்டரின் வெப்கிட்டுக்குள் ரிமோட் இன்ஸ்பெக்டரைத் தட்டி எழுப்பும் அறிவிக்கப்படாத ஒரு ஃபங்ஷன் இருப்பதை டெவலப்பர்கள் துருவி எடுத்தார்கள். ஒரே வரிதான். அதை ஓடவைத்துவிட்டு மேக் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 9999 என்று அடித்தால், சிமுலேட்டருக்குள் திறந்திருக்கும் பக்கங்களின் பட்டியல் வந்து நிற்கும். அந்த வித்தையைச் சுற்றி ஐவெப்இன்ஸ்பெக்டர் என்று மேக்கில் ஓடும் ஒரு கருவியையே மாக்ஸிமிலியானோ ஃபிர்ட்மான் செய்து கொடுத்தார். கதவு உள்ளே கட்டியாகிவிட்டது, கைப்பிடிதான் மாட்டவில்லை என்று எல்லோருக்கும் புரிந்துபோனது.

மறு வருடம் கூகுள், ஆப்பிள் இரண்டு கம்பெனிகளும் கைப்பிடி மாட்டின. 2012 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கான குரோம் பீட்டாவாக வந்தபோதே யூஎஸ்பி கேபிள் வழி டீபக் வசதியோடு வந்தது. செப்டம்பரில் ஐஓஎஸ் 6. செட்டிங்ஸ், சஃபாரி, அட்வான்ஸ்டு, வெப் இன்ஸ்பெக்டர் என்று உள்ளே போய் ஒரு ஸ்விட்சைப் போட்டு, போனை மேக்கில் செருகினால் மேக் சஃபாரியின் டெவலப் மெனுவில் போனின் பெயர் தெரியும். சிமுலேட்டர் திறந்திருந்தால் அதுவும் அதே மெனுவில் இருக்கும். மேக்கில் கோடின் ஒரு வரிமேல் மௌஸை வைத்தால் போன் திரையில் அந்தப் பட்டனோ படமோ நீலமாக ஒளிரும். அலர்ட் போட்டுக் காலம் தள்ளியவர்களுக்கு அந்த நீலத்தைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயிற்றெரிச்சல் ஒன்றும் கூடவே வந்தது. அதே 2012இல் ஆப்பிள் விண்டோஸுக்கான சஃபாரியை நிறுத்திவிட்டது. மேக் வாங்க முடியாதவனுக்கு ஐபோனின் உள்ளே பார்க்க ஆப்பிள் வழி காட்டவில்லை. இன்றும் காட்டவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். 2015இல் மறுபடி ஆரம்பித்தது.

அந்த வருடம் ஜூன் மாதம் குரோம் குழுவின் அலெக்ஸ் ரஸ்ஸலும் டிசைனர் ஃபிரான்சஸ் பெரிமனும் சேர்ந்து, வெப் பக்கமாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஆப்பாகவே மாறிவிடுகிற ஒரு வகைக்கு புரோகிரசிவ் வெப் ஆப் என்று பெயர் வைத்தார்கள். முகப்புத் திரையில் ஐகான், முழுத் திரை, நெட் இல்லாதபோதும் திறப்பு. அந்த நவம்பரிலேயே பெங்களூரு ஃப்ளிப்கார்ட் தன் ஃப்ளிப்கார்ட் லைட்டை இந்த முறையில் கொண்டுவந்தது. சில மாதம் முன்புதான் மொபைல் வெப்சைட்டை மூடி, ஆப்பை டவுன்லோட் செய்தால் வா என்று ஆட்களை விரட்டிய கம்பெனி அது.

இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது சர்வீஸ் ஒர்க்கர். குரோம் 40இல், 2015 ஜனவரியில், வந்தது. பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாக் கோரிக்கையையும் பிடித்து, இதைக் கேஷிலிருந்து கொடு, அதை நெட்டில் போய் எடு என்று முடிவு செய்யும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தை மூடினாலும் அதன் பதிவு அழியாது. இப்படிப்பட்ட ஆளை யாரோ காபி கடை வைஃபையில் நடுவில் புகுந்து மாற்றி வைத்துவிட்டால் வீட்டுக்குப் போன பிறகும் அவனே உட்கார்ந்திருப்பான். அதனால் எச்டிடிபிஎஸ் இருந்தால்தான் பதிவாகும் என்று கட்டாயமாக்கினார்கள். எழுதுகிறவர்கள் பாவம் என்று ஒரு விலக்கும் கொடுத்தார்கள்: லோக்கல்ஹோஸ்டாக இருந்தால் பரவாயில்லை.

அந்த விலக்குதான் சிமுலேட்டருக்கு மறுவாழ்வு. உங்கள் மேக்கில் 8080 போர்ட்டில் சர்வரை ஓட்டுகிறீர்கள். உண்மையான போனில் அந்தப் பக்கத்தைத் திறக்க 192.168 என்று தொடங்கும் வைஃபை எண்ணைத் தட்ட வேண்டும். பக்கம் அழகாகத் திறக்கும். சர்வீஸ் ஒர்க்கர் மட்டும் பதிவாகாது, ஏனென்றால் அது எச்டிடிபிஎஸ்ஸும் இல்லை, லோக்கல்ஹோஸ்டும் இல்லை. ஐஓஎஸ் சிமுலேட்டரில் இந்தத் தொல்லையே கிடையாது. அதன் நெட்வொர்க் மேக்குடையது என்று சொன்னேன் அல்லவா? அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் மேக்கின் சர்வருக்கே போகும், ஒர்க்கர் ஒரு கேள்வி கேட்காமல் பதிவாகும்.

ஆண்ட்ராய்ட் எமுலேட்டரில் வேறு கதை. உள்ளே ஓடுவது தனி இயந்திரம் என்பதால் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே குறிக்கும். அங்கே சர்வர் எதுவும் இல்லை. வெளியே உள்ள கம்ப்யூட்டருக்குப் போக 10.0.2.2 என்று ஒரு விசேஷ எண், க்யூஎம்யூ காலத்துச் சொத்து. எமுலேட்டரில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதைத் தட்டினால் பக்கம் திறக்கும், ஆனால் அது லோக்கல்ஹோஸ்ட் கணக்கில் சேராது; ஒர்க்கர் மறுபடி மறுக்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் முழு நாளைத் தொலைக்கிற இடம் இது. கோட் எல்லாம் சரி, கம்ப்யூட்டர் குரோமில் ஓடுகிறது, எமுலேட்டரில் மட்டும் ஆஃப்லைன் வேலை செய்யவில்லை. மருந்து, ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவிக்கு ஒரே வரி: ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8080 டிசிபி:8080. எமுலேட்டரின் 8080 வாசலை கம்ப்யூட்டரின் 8080 வாசலோடு அது பின்னோக்கி இணைத்துவிடும். அப்புறம் உள்ளேயும் லோக்கல்ஹோஸ்ட் என்றே அடிக்கலாம். நிஜப் போனைக் கேபிளில் செருகி வைத்தாலும் இதே வரி வேலை செய்யும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

பதிவானால் போதுமா என்றால், அடுத்த தலைவலி அங்கேதான். கோடைத் திருத்தி, பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய கோடே வரும். மறுபடி ரீலோட், மறுபடி பழையதே. புது ஒர்க்கர் வந்து இறங்கிவிட்டது, ஆனால் பழைய ஒர்க்கரின் பொறுப்பில் ஒரு பக்கம் திறந்திருக்கும்வரை புதியது வெளியே காத்திருக்கும். ஆப் நடுவில் பாதி பழசு, பாதி புதுசு என்று கலந்து உடையக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி. டீபக் செய்கிறவனுக்கு அது நரகம், ஏனென்றால் அவன் தேடுவது ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையை. ஆரம்பத்தில் குரோமில் சர்வீஸ் ஒர்க்கர்களுக்கென்று தனி உள்பக்கம் ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பதிவை நீக்கிவிட்டு வருவார்கள். 2016இல் குரோமின் டீபக் கருவியான டெவ்டூல்ஸுக்குள் அப்ளிகேஷன் என்ற பகுதி வந்து, ஒவ்வொரு ரீலோடுக்கும் புதியதைக் கட்டாயமாக ஏற்று என்று ஒரு டிக் பெட்டியும், ஆஃப்லைன் என்று இன்னொன்றும் கொடுத்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. ஐபோன் பக்கம் 2018 மார்ச்சில், ஐஓஎஸ் 11.3இல், சர்வீஸ் ஒர்க்கரை ஏற்றுக்கொண்டது. சஃபாரியின் டெவலப் மெனுவில் சர்வீஸ் ஒர்க்கர்ஸ் என்று ஒரு வரியும் சேர்ந்தது.

முகப்புத் திரையில் சேர்த்த ஆப்பில் ரீலோட் பட்டனே கிடையாது என்பது தனித் தொல்லை. சிமுலேட்டரில் அதை மேலே தள்ளி மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் சிமுலேட்டரையே துடைத்துப் புதுசாக்கிவிடலாம். மெனுவில் ஒரு வரி. நிஜப் போனை அப்படித் துடைக்க யாருக்கும் மனது வராது.

பார்ப்பதாலேயே மறைகிற பிழைகளும் உண்டு. வேலை இல்லாமல் சும்மா இருக்கும் ஒர்க்கரைக் குரோம் அரை நிமிடத்தில் நிறுத்திவிடும். அடுத்த கோரிக்கை வரும்போது முதலிலிருந்து ஓடவைக்கும். அதற்குள் ஒரு மாறியில் எதையாவது சேமித்து வைத்திருந்தால் அது போயே போய்விடும். டெவ்டூல்ஸைத் திறந்து வைத்தால் மட்டும் ஒர்க்கர் நிறுத்தப்படாது. அதாவது பயனர் கையில் வரும் பிழை, நீங்கள் பார்க்க உட்கார்ந்ததும் காணாமல் போகும். என்னைக் கேட்டால் இந்த ஒரு நடத்தையை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

சிமுலேட்டர் காட்டாத பிழைகளின் வரலாறும் பழையது. 2011 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 4.3இல் சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட் வேகம் எகிறியது. ஆனால் முகப்புத் திரையில் சேர்த்த வெப் ஆப்புக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. அதே கோட், அதே போன், ஐகானைத் தொட்டுத் திறந்தால் மெதுவாக ஓடும். ஐஓஎஸ் 5இல்தான் சரியானது. மேக்கின் பிராசசரில் ஓடும் சிமுலேட்டரை வைத்துக்கொண்டு போனின் வேகத்தை அளக்கவே முடியாது. அதன் நினைவகமும் மேக்குடையது, ஆகவே நிஜப் போனில் நினைவகம் தீர்ந்து பக்கம் செத்து விழுகிற காட்சியும் அங்கே வராது.

இப்போதைக்கு வெப் ஆப் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது கடிகாரம். 2020 மார்ச்சில் சஃபாரி ஒரு விதி கொண்டுவந்தது: சஃபாரியைப் பயன்படுத்திய நாட்களில் 7 நாள் ஒரு தளத்தை யாரும் தொடாமல் விட்டால், அந்தத் தளம் ஸ்கிரிப்ட் வழியாகச் சேமித்தவற்றை அழித்துவிடும். வேவு பார்க்கும் விளம்பரக்காரர்களை விரட்டக் கொண்டுவந்த விதி. இதில் சர்வீஸ் ஒர்க்கரின் பதிவும் அடங்கும். முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்குக் கணக்கு தனி. அதைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் பயன்படுத்திய நாளாகவே எண்ணப்படுவதால் அது தப்பித்துவிடும். ஆகவே ஒரே ஆப்பைப் பற்றி இரண்டு புகார் வரும்: சஃபாரி டேபில் வைத்திருந்தவர் லீவு முடிந்து வந்து பார்த்தால் எழுதி வைத்ததெல்லாம் போச்சு என்பார், ஐகானாகச் சேர்த்திருந்தவர் எனக்கு எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்பார். அந்த ஆப்பை எழுதியவரோ தினமும் சிமுலேட்டரில் அதைத் திறந்து திறந்து மூடுகிறவர். அவர் திரையில் ஏழாவது நாள் வரவே வராது.